அம்மாவின் தோளில் இருந்த அடையாளம்

"ஏத்தா, இந்த வருஷம் அய்யனார் கோவிலுக்குப் பொங்கல் தூக்கிட்டு வருவியா, மாட்டியா? இப்பவே சொல்லிரு. நான் வேற ஆள் பார்க்கணும்."

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. கேட்டது என் மாமியார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே சமையலறையில் புழங்கியவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

சகோதரிகளே, நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ப்ளஸ் டூவோடு நிறுத்திக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். சாஸ்திரம் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஒரு குருவிடம் மந்திர உபதேசம் பெற வேண்டும் என்று ஆசைப்பட்ட சாதாரணக் குடும்பப் பெண்ணுக்கு வீட்டுக்குள் என்னென்ன நடந்தது என்று எழுதினால், உங்களில் சிலருக்காவது உபயோகப்படும் என்று தோன்றியது.

எனக்குத் தாய்வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். புகுந்த வீடு ராஜபாளையம். பஸ் ஏறினால் அரை மணி நேரம். தூரம் அவ்வளவுதான். ஆனால் அங்கே விடிந்தால் ஆண்டாள், இங்கே விடிந்தால் அய்யனார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த பெண்ணுக்கு ஆண்டாள் சாமி மட்டுமில்லை, பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி. பெரியாழ்வார் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த மகள். பன்னிரண்டு ஆழ்வார்களில் அவள் ஒருத்திதான் பெண். 192 அடி உயரக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். மார்கழியில் அம்மா கோலம் போட்டுக்கொண்டே திருப்பாவை முப்பதும் சொல்லி முடிப்பாள். எந்தப் பாட்டு வருகிறது என்பதை வைத்தே கோலம் எவ்வளவு முடிந்திருக்கும் என்று படுக்கையில் இருந்தபடி நான் கணக்குப் போடுவேன்.

அம்மாவின் இரண்டு தோள்களிலும் ஓர் அடையாளம் இருக்கும். வலது தோளில் சக்கரம், இடது தோளில் சங்கு. சின்ன வயதில் ஒரு நாள் அம்மாவுக்கு முதுகு தேய்த்துவிடும்போது, "யாரும்மா உனக்குச் சூடு போட்டது? பாட்டியா?" என்று கேட்டேன். அம்மா சிரித்துவிட்டு, "இது மாமியார் போட்ட சூடு இல்லடி, ஆசாரியர் போட்டது. இன்னாருக்குச் சொந்தம்னு பாத்திரத்துல பேர் வெட்டறோம் இல்லையா, அந்த மாதிரி" என்றாள்.

அம்மா 2019-ல் காலமானாள். கடைசிக் குளியலுக்கு நானும் அத்தையும்தான் தண்ணீர் ஊற்றினோம். வயதாகித் தோல் சுருங்கி, அந்த அடையாளம் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. கையால் தடவிப் பார்த்தேன். கழுத்தில் கிடந்த செயினைக் கழற்றினோம், கம்மலைக் கழற்றினோம், வளையலைக் கழற்றினோம். கழற்ற முடியாமல் அவளோடு போனது அது ஒன்றுதான்.

அன்றைக்குத்தான் எனக்கும் அது வேண்டும் என்று மனசில் விழுந்தது.

இதற்குச் சமாச்ரயணம் என்று பெயர். பஞ்ச சம்ஸ்காரம் என்றும் சொல்வார்கள். ஐந்து காரியங்கள் அதில் உண்டு. முதலாவது தாபம், அதாவது சங்கு சக்கர முத்திரையை ஹோம அக்கினியில் காய்ச்சித் தோளில் ஒற்றுவது. இரண்டாவது புண்டரம், உடம்பில் பன்னிரண்டு இடங்களில் திருமண் காப்பு. மூன்றாவது நாமம், "ராமானுஜ தாசன்", "ராமானுஜ தாசி" என்று அடியார் பெயர் பெறுவது. நான்காவது மந்திரம், குரு தம் வாயால் ரகசியமாக உபதேசிப்பது. எட்டெழுத்துத் திருமந்திரம், துவயம், சரம சுலோகம் என்று அது மூன்று. ஐந்தாவது யாகம், வீட்டில் தினமும் பெருமாளுக்குச் செய்ய வேண்டிய பூஜையைக் கற்றுக்கொள்வது. இந்த ஜாதிதான் பெறலாம், ஆண்தான் பெறலாம் என்பது வைணவத்தில் இல்லை. பெண்ணுக்கும் உண்டு, எங்கள் அம்மா மாதிரி மாவாட்டிப் பிழைத்தவளுக்கும் உண்டு.

சைவத்திலும் இதுபோல உண்டு. எங்கள் தெருவில் ஒரு அக்கா சமய தீட்சை பெற்றவர். அதற்கு மேல் விசேஷ தீட்சை, நிர்வாண தீட்சை என்று படிகள் இருக்கிறதாம். குரு கண்ணால் பார்த்துத் தருவது, கையால் தொட்டுத் தருவது, வாயால் சொல்லித் தருவது, மனசால் நினைத்துத் தருவது என்று வகைகளும் உண்டு என்பார். மீன் பார்த்தே குஞ்சு பொரிக்கும், ஆமை நினைத்தே பொரிக்கும், பறவை தொட்டு அடைகாத்துப் பொரிக்கும் என்று பெரியவர்கள் உவமை சொல்வார்களாம். கேட்கவே அழகாக இருந்தது. ஆனால் என் பிரச்சினை முட்டையும் குஞ்சும் இல்லை. எங்கள் வீட்டு அய்யனார்.

ராஜபாளையத்துக்கு மேற்கே முடங்கியாறு ரோட்டில் போனால், மேற்கு மலை அடிவாரத்தில் நீர்காத்த அய்யனார் கோவில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். ஊர் ஜனங்களுக்கு அந்த ஆறே அய்யனார் கோவில் ஆறுதான். போகிற வழியில் உள்ள ஆறாவது மைல் நீர்த்தேக்கத்திலிருந்துதான் ஊருக்குக் குடிதண்ணீர் வருகிறது. மழைக்காலத்தில் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வந்துவிடும். கோவிலுக்குப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டு, கயிறு கட்டி மீட்டு வந்த சம்பவங்கள் உண்டு. ஆகையால் தண்ணீர் வரத்தைப் பார்த்துத்தான் வனத்துறையார் விடுவார்கள். அந்தக் காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆகிவிட்டது.

என் கணவர் வீட்டுக்கு அவர்தான் குலதெய்வம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் அவர் முன்னால்தான் முடி இறக்கிக் காது குத்தினோம். வீட்டுக்காரருக்கு மில்லில் ஆறு மாதம் வேலை இல்லாமல் போனபோது அத்தை வேண்டிக்கொண்டதும் அவரிடம்தான். வருஷத்துக்கு ஒரு தரம் பொங்கல் வைத்துக் கொண்டுபோகிற வழக்கம், அத்தையின் மாமியார் காலத்திலிருந்து விட்டுப்போனதில்லை.

ஆனால் சமாச்ரயணம் பெற்றவர்கள் பெருமாளைத் தவிர வேறு தெய்வத்திடம் போய்க் கை நீட்டக்கூடாது. அம்மா அதில் ரொம்பக் கண்டிப்பு. இது தெரிந்துதான் அத்தை பயந்தார்.

"நீ சூடு போட்டுக்க, வேண்டாங்கல. ஆனா நம்ம சாமியைக் கும்பிடாத மருமக இந்த வீட்டுக்கு வந்ததில்ல. ஒண்ணு கேக்கேன், சொல்லு. அய்யனாரு யாரு? அரிஹரபுத்திரன். உங்க பெருமாளு மோகினியா வந்து பெத்த பிள்ளைதான அவரு? பெத்த தாயைக் கும்பிடுவே, பிள்ளையைப் பார்க்க மாட்டியாக்கும்?"

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

என் கணவரிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அம்மா மனசு நோகாமப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார். ஆண்கள் எவ்வளவு சுலபமாக ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள் பாருங்கள்!

அத்தைக்குத் தெரியாமல் போய்ச் செய்துகொண்டு வந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ரவிக்கைக் கைக்குள் மறைந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி யோசித்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நல்ல வேளை, செய்யவில்லை.

அம்மாவுக்கு உபதேசம் செய்தவரின் வழியில் வந்த ஆசாரியர் ஒருவரை ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்ப் பார்த்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். "கண்ணை மூடிக்கொண்டு வா, எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வார் என எதிர்பார்த்துப் போனேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அவசரம் வேண்டாம்மா. வீட்டுல எல்லாருக்கும் தெரியட்டும். இஷ்டப்படறாங்களோ இல்லையோ, தெரியணும். ராமானுஜர் ஆத்துல என்ன ஆச்சுன்னு தெரியுமோல்லியோ?" என்றார்.

தெரியும். 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜருக்கு மதுராந்தகத்தில் மகிழ மரத்தடியில் சமாச்ரயணம் செய்துவைத்தவர் பெரிய நம்பி. பிறகு பெரிய நம்பியும் அவர் மனைவியும் காஞ்சிபுரத்தில் ராமானுஜர் வீட்டிலேயே ஆறு மாதம் தங்கினார்கள். ஒரு நாள் கிணற்றடியில் இரண்டு பெண்களும் தண்ணீர் இறைக்கும்போது ஒருவர் குடத்துத் தண்ணீர் இன்னொருவர் குடத்தில் தெறித்தது. ராமானுஜர் மனைவி தஞ்சமாம்பாள் ஏதோ சொல்லிவிட்டார். பெரிய நம்பி சொல்லாமல் கொள்ளாமல் ஸ்ரீரங்கம் போய்விட்டார். விஷயம் தெரிந்த ராமானுஜர் வெறுத்துப்போய், மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். குருபரம்பரைக் கதை இப்படிச் சொல்கிறது.

கதை கேட்கும் எல்லாரும் தஞ்சமாம்பாளைத்தான் திட்டுவார்கள். எனக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே அவர்மேல் இரக்கம். புருஷன் நடந்து போய் மந்திரம் வாங்கி வந்தார், சரி. வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஆறு மாதம் ஆக்கிப் போட்டது யார்? தண்ணீர் இறைத்தது யார்? வந்திருப்பவர் எப்பேர்ப்பட்டவர் என்று அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்களோ இல்லையோ? குழாயடியில் குடத்தை வைத்துச் சண்டை போட்டிருக்கிற நமக்கு அவர் நிலைமை புரியாதா என்ன?

ஆசாரியர் அந்தக் கதையை எடுத்ததும், அத்தையை நான் தஞ்சமாம்பாள் ஆக்கிவிடக்கூடாது என்று தோன்றியது. அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அந்தம்மாவை ஒரு தரம் கூட்டிண்டு வாங்கோ" என்றார்.

ஆடிப்பூரத் தேர் பார்க்கலாம் என்று சொல்லித்தான் அத்தையை அழைத்துப் போனேன். தேர் பார்த்துவிட்டு, பால்கோவா வாங்கிவிட்டு, ஆசாரியர் வீட்டுத் திண்ணைக்குப் போனோம். அத்தை உட்காரவில்லை. நின்றபடியே, தாய் பிள்ளைக் கேள்வியை அவரிடமே கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

ஆசாரியர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல கேள்விம்மா" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். "நீங்க உங்க சாமியைக் கும்பிடறதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. இவங்க என்கிட்ட மந்திரம் வாங்கிண்டா, எதுவானாலும் பெருமாள்கிட்டதான் கேக்கணும். வேற இடத்துல வேண்டுதல் வைக்கப்படாது. அது எங்க வழி. அதை உங்களுக்காக மாத்திச் சொன்னா நான் பொய் சொன்னவனாயிடுவேன். ஆனா அய்யனாரைப் பத்தி அவமரியாதையா ஒரு வார்த்தை இவங்க பேசினா, அது எனக்கும் அவமரியாதைதான். உங்க வீட்டு வேலையைச் செய்யக்கூடாதுன்னும் நான் சொல்லமாட்டேன்."

அத்தை ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "இவ அம்மாவோட சாமி குரு யாருங்க? அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். ஆசாரியர் ஒவ்வொரு பெயராகப் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டே போனார். பெரிய நம்பி, மதுராந்தகம் என்று வந்ததும், அங்கே இன்று ஏரி காத்த ராமர் என்று கோவில் இருப்பதைச் சொன்னார். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மழையில் ஏரி உடையப்போன நேரம், ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றதை அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை பார்த்ததாக அங்கே சொல்வார்கள்.

அத்தை முகம் மலர்ந்துவிட்டது. "ஏரியைக் காத்தாரா? எங்க சாமியும் நீர்காத்தவருதானய்யா!"

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் நெருங்கும்போது கேட்டார்.

"கும்பிட மாட்டே. சரி. வேலை செய்வியா?"

"செய்வேன் அத்தை."

"பொங்கல் வைப்பியா? தூக்கிட்டு வருவியா? எனக்கு முட்டி முடியல."

"வர்றேன் அத்தை."

"அப்பச் சரி. வேண்டுறதுக்கு நான் இருக்கேன்." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கப்புறம் யாரு வேண்டுவா?" என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இப்படியாக ஒன்றரை வருஷம் காத்திருந்து, 2022-ல் எனக்குச் சமாச்ரயணம் நடந்தது. அதிகாலையில் தலைக்குக் குளித்து, வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தேன். எங்களோடு ஏழெட்டுப் பேர். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண், கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், எழுபது வயதுத் தாத்தா ஒருவர். ஹோமம் வளர்த்து முத்திரைகளை அதில் காய்ச்சினார்கள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். தோசைக்கல் சுட்டாலே துள்ளிக் குதிப்பவள் நான். ஆனால் ஒற்றி எடுப்பது ஒரு விநாடிதான். வலிக்கிறதே என்று நினைப்பதற்குள் அடுத்த தோளும் முடிந்துவிட்டது. பிறகு ஆசாரியர் தம் குருவையும், குருவின் குருவையும் நினைத்துக்கொண்டு மந்திரத்தைச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். அதை இங்கே எழுதக்கூடாது. எழுதவும் மாட்டேன். அம்மா காதில் விழுந்த அதே சொற்கள் என் காதில் விழுகின்றன என்ற நினைப்பு வந்ததும் அழுதுவிட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அன்று ராத்திரி தோள் கொஞ்சம் எரிந்தது. அத்தைதான் மயிலிறகு விசிறியால் வீசிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "நான் போடாத சூட்டை ஊரான் கிட்டப் போய்ப் போட்டுக்கிட்டு வந்திருக்கா பாரு" என்று என் மகளிடம் கேலி வேறு!

இனி நடந்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னால்தான் இளம் தாய்மார்களுக்குத் தைரியம் வரும்.

மூன்றாம் நாள் காலை. ஒரு அடுப்பில் இட்லி, இன்னொரு அடுப்பில் பால். மகளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, மகன் சாக்ஸ் காணோம் என்று கத்துகிறான், காஸ் வேறு தீர்ந்துவிட்டது. எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். துவயத்தில் பாதிக்கு மேல் நினைவுக்கு வரவில்லை! முதல் வரி வருகிறது, அடுத்தது வரவில்லை. எப்படியெல்லாமோ யோசித்துப் பார்த்தேன். ஒன்றரை வருஷம் காத்திருந்து, வீட்டையே இரண்டாக்கி வாங்கிய மந்திரத்தை மூன்றே நாளில் தொலைத்துவிட்டாயே என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது. எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று நான் கேட்கவும் இல்லை. போனில் கேட்கிற விஷயமும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்த் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். ஆசாரியர் கோபித்துக்கொள்ளவில்லை. "கொங்குப் பிராட்டியும் மறந்தாள்" என்றார்.

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் மழை பொய்த்துப் போனதால் ஒரு பெண் தன் கணவரோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்து ஒரு மச்சு வீட்டில் குடியிருந்தாள். வீதியில் பிட்சைக்கு வரும் ராமானுஜரைப் பெரிய மனிதர்கள் எல்லாம் விழுந்து கும்பிடுவதைத் தினமும் பார்த்தாள். ஒரு நாள் இறங்கி வந்து, "நீர் பிட்சை எடுக்கிறீர். அவர்களோ உம்மை விழுந்து சேவிக்கிறார்கள். என்ன காரணம்?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள். பகவானைப் பற்றிய வார்த்தையை அவர்களுக்குச் சொன்னேன் என்றார் அவர். அதை எனக்கும் சொல்லக்கூடாதா என்றாள். அந்த இடத்திலேயே துவயத்தை உபதேசித்தார். ஊரில் மழை பெய்த செய்தி வந்தது. மூட்டை கட்டிக் கிளம்பும்போது பார்த்தால், மந்திரம் மறந்துபோய்விட்டது! வெட்கப்படாமல் போய்த் திரும்பக் கேட்டாள். ராமானுஜரும் திரும்பச் சொன்னார். நினைவாக வைத்துக்கொள்ள அவருடைய பாதுகையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

பல வருஷம் கழித்துச் சோழ அரசனுக்குத் தப்பி, காவியை விட்டு வெள்ளை உடுத்திக்கொண்டு, ராமானுஜர் மேற்கே காட்டு வழியாகப் போனார். பசியோடு அவருடைய கூட்டம் வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்கு. அது அவள் வீடு. உடுப்பு மாறியிருந்ததால் அவளுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. பாதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாளாம், தினமும் பாதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஆயிற்றே. அன்று எல்லாருக்கும் அவள் கையால்தான் சாப்பாடு.

இவரே திருக்கோட்டியூர் நம்பியிடம் ரகசியார்த்தம் பெறப் பதினெட்டு முறை நடந்தவர். திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவதன் அருமை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? இன்னொன்றும் உண்டு. அழகர்கோவில் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் தருவதாக ஆண்டாள் சொன்ன வாக்கை, பிற்காலத்தில் வந்த ராமானுஜர்தான் நிறைவேற்றினார். அதனால் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் ஆண்டாளுக்கே அண்ணன். அண்ணனிடம் இரண்டாம் தரம் கேட்கத் தங்கைக்கு என்ன வெட்கம்?

இப்போது காலையில் பால் காய்வதற்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். பத்து நிமிஷம் போதும். இதனால் என் கோபம் போய்விட்டதா, சர்க்கரை குறைந்துவிட்டதா என்றெல்லாம் கேட்காதீர்கள். கத்துகிற அன்றைக்குக் கத்தத்தான் செய்கிறேன். ஆனால் கத்தி முடித்ததும், அந்தச் சொற்களைச் சொன்ன அதே வாயால்தானே கத்தினோம் என்று ஒரு உறுத்தல் வருகிறது. முன்பு அது வராது.

தீட்சை பெற நினைக்கும் சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வீட்டாருக்குத் தெரியாமல் செய்துகொள்ளாதீர்கள். சாப்பாட்டில், பூஜையில், குலதெய்வ விஷயத்தில், வீட்டு விலக்கு நாட்களில் என்னென்ன நியமம் உண்டு என்று முன்கூட்டியே கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டுத் திண்டாடாதீர்கள். குரு என்று சொல்லிக்கொண்டு நகையைக் கேட்பவர், தனியாக வரச் சொல்பவர், புருஷனிடமும் பெற்றோரிடமும் சொல்லாதே என்பவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், இவர்கள் இருக்கும் தெருப் பக்கமே போகாதீர்கள். நல்ல குரு காத்திருக்கச் சொல்வார். தம் குரு யார் என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்.

முத்திரை வைத்துக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஆசாரியரிடமும் சொல்லிவிடுங்கள். தோளைச் சொறியக்கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்கக்கூடாது. பற்பசை, மஞ்சள் தூள் என்று கண்டதையும் அப்பாமல், சுத்தமாகவும் ஈரம் தங்காமலும் வைத்துக்கொண்டு, தளர்வான பருத்தி ரவிக்கை போட்டால் போதும். சீழ், வீக்கம், காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும்.

கடைசியாக, இந்த வருஷப் பொங்கலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

புலிக் காட்டுக்குள் அடுப்பு மூட்ட எங்களுக்கு மனம் வருவதில்லை. ஆகையால் விடியற்காலையில் வீட்டிலேயே சர்க்கரைப் பொங்கல் வைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போனோம். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் அத்தை. மெதுவாக ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்து வந்தோம். சந்நிதி முன்னால் இலை போட்டது நான், பொங்கலைப் பரப்பியது நான், தேங்காய் பழம் எடுத்து வைத்தது நான். தீபாராதனை நேரத்தில் ஒதுங்கி நின்றேன். பழக்க தோஷம், கை தன்னால் மேலே வரப் பார்க்கிறது. உண்மையைச் சொல்கிறேன், பாதி வந்துவிட்டது. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி இறக்கிக்கொண்டேன். அதை அத்தை பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அத்தை என் மகளைக் கூப்பிட்டார். கல்லூரியில் படிக்கிற பெண், எப்போதும் கையில் போன். "அதை உள்ள வை. இங்க வா" என்றார். அவளைத் தன் பக்கத்தில் சாமியைப் பார்க்க நிறுத்தினார். தன்னுடைய நடுங்கும் கையை அவள் தலையில் வைத்து, குனியச் சொல்லி, காதோடு காதாக ஏதோ சொன்னார். அவள் உதடு அசைந்தது. திரும்பச் சொல்கிறாள். தப்பாகச் சொன்னாள் போலிருக்கிறது, அத்தை தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஒரு தரம் சொன்னார்.

என்ன சொல்லிக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியும்.